செயின்ட் ஹெலினாவிலிருந்து அசென்ஷனுக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

கேள்வி இதுதான். தென் அட்லாண்டிக் கடலில் இருக்கும் செயின்ட் ஹெலினா தீவிலிருந்து அதே கடலில் இருக்கும் அசென்ஷன் தீவுக்கு விமானத்தில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? இணையத்தில் இருக்கும் ஒரு தூரக் கணிப்பானில் போட்டால் 1,301 கி.மீ. என்கிறது, இன்னொன்று 1,299 என்கிறது. நேரத்தில் ஒன்று ஒன்றரை மணி என்கிறது, மற்றது இரண்டு மணிக்கு மேல் என்கிறது. எதை நம்புவது?

அவசரமாகப் பதில் வேண்டியவர்களுக்கு: 1,300 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். இதோடு எழுந்து போனாலும் தப்பில்லை. ஆனால் நான் பல வருஷம் ஃப்ளைட் பிளான் போடும் மேசையில் உட்கார்ந்திருந்தவன். இந்த இரண்டு எண்களையும் பார்த்ததும் எனக்குத் தோன்றுவது வேறு: "சரி, அங்கே இறங்க முடியாமல் போனால் எங்கே போவது?" பெரிய ஊர்களுக்கு நடுவே பறக்கும்போது இதற்குப் பதில் அரை நிமிடத்தில் கிடைத்துவிடும். இந்த இரண்டு தீவுகளுக்கு நடுவே அப்படிக் கிடைக்காது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

தூரத்தை முதலில் முடித்துவிடலாம். கணிப்பான்கூட வேண்டாம், பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ் தேற்றம் போதும். செயின்ட் ஹெலினா விமான நிலையம் தெற்கு அட்சரேகை 15.96 டிகிரி, மேற்கு தீர்க்கரேகை 5.65 டிகிரியில் இருக்கிறது. அசென்ஷனின் வைட்அவேக் விமானத் தளம் தெற்கு 7.97, மேற்கு 14.39. கழித்துப் பார்த்தால் தெற்கு வடக்காக 7.99 டிகிரி, கிழக்கு மேற்காக 8.74 டிகிரி வித்தியாசம். அட்சரேகையில் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 111.2 கி.மீ.; ஆக முதலாவது 888 கி.மீ. தீர்க்கரேகை மட்டும் கொஞ்சம் வம்பு பண்ணும். பூமத்திய ரேகையில்தான் அதற்கும் 111.2, அங்கிருந்து விலகிப் போகப் போகக் கோடுகள் நெருங்கி வரும். நம் இரண்டு தீவுகளின் சராசரி அட்சரேகை கிட்டத்தட்ட 12 டிகிரி. அதன் கொசைன் மதிப்பு 0.978. அதனால் பெருக்கினால் கிழக்கு மேற்குத் தூரம் 951 கி.மீ. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 1,301.

உருண்டையான பூமியின் மேல் தட்டையான முக்கோணம் போட்டே இவ்வளவு சரியாக வருகிறதே என்று சந்தேகப்படுவீர்கள். படவேண்டிய சந்தேகம்தான். தூரம் குறைவு, பூமத்திய ரேகைக்கும் பக்கம் என்பதால் இங்கே பிழைத்துக்கொண்டோம். இதே வித்தையைச் சிலியின் சாண்டியாகோவிலிருந்து பசிபிக் கடலில் இருக்கும் ஈஸ்டர் தீவுக்குப் போட்டுப் பாருங்கள். பிதாகரஸ் 3,774 கி.மீ. என்பார். முறையாகப் பெருவட்டப் பாதையைக் கணக்கிட்டால் 3,752தான் வரும். 22 கி.மீ. பிசகிவிட்டது. பெருவட்டம் என்பது பூமியை அதன் மையத்தின் வழியாக ஒரே வெட்டாக வெட்டினால் மேற்பரப்பில் கிடைக்கும் கோடு; இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஆகக் குறைந்த தூரம் அதன் மேல்தான் இருக்கும். தட்டையான வரைபடத்தில் அது வளைவாகத் தெரிவதால்தான் விமானங்கள் சுற்றிக்கொண்டு போவதாகப் பலர் நினைக்கிறார்கள்.

1,299க்கும் 1,301க்கும் உள்ள சண்டை அதைவிடச் சின்னது. பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள பந்தாக எடுத்துக்கொண்டால் 1,301. உண்மையில் பூமி துருவங்களில் கொஞ்சம் அமுங்கியிருக்கிறது. அந்த உருவத்தை வைத்துக் கணக்கிடும் கணிப்பான்கள் ஒன்றிரண்டு கி.மீ. குறைத்துச் சொல்லும். இரண்டுமே சரி. விமானம் ஓடுதளத்தின் எந்த முனையில் ஏறுகிறது, எந்த முனையில் இறங்குகிறது என்பதிலேயே இதைவிடப் பத்து மடங்கு வித்தியாசம் வந்துவிடும். விமானிகள் கி.மீ.யில் பேசமாட்டார்கள், நாட்டிக்கல் மைலில்தான் (கடல் மைல், ஒன்றுக்கு 1.852 கி.மீ.) பேசுவார்கள். அந்தக் கணக்கில் இது 702 மைல்.

வரைபடத்தில் கை வைத்தால் எடுக்க மனம் வராத வியாதி எனக்கு உண்டு. அப்படிக் கண்டுபிடித்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். செயின்ட் ஹெலினாவுக்கு விமானம் வருவது தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து. நேர்த்தூரம் சுமார் 3,680 கி.மீ. போகிற வழியில் நமீபியக் கடற்கரையின் வால்விஸ் பே நகரில் இறங்கி எரிபொருள் போட்டுக்கொள்வது வழக்கம். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வால்விஸ் பே சுமார் 1,420, அங்கிருந்து தீவு சுமார் 2,260. கூட்டுங்கள்: அதே 3,680. கோடு போட்டு அதன் மேல் ஊரை வைத்தது மாதிரி இருக்கிறது. நின்று போவதால் தூரத்தில் நஷ்டமே இல்லை. நேரத்தில்தான் ஒரு மணி போகும்.

சரி, நேரத்துக்கு வருவோம். செயின்ட் ஹெலினாவுக்கு வருவது ஏர்லிங்க் நிறுவனத்தின் எம்பிரேயர் 190. உயரத்தில் போய் நிலைத்த பிறகு மணிக்குச் சுமார் 830 கி.மீ. வேகம். 1,301ஐ 830ஆல் வகுத்தால் 94 நிமிடம். ஒன்றரை மணி என்று சொன்ன கணிப்பான் இந்த வகுத்தலோடு நின்றுவிட்டது. ஆனால் விமானம் தரையிலிருந்து கிளம்பிய அந்தக் கணமே 830 கி.மீ. வேகத்தில் போகாது. ஏறும்போது மெதுவாகத்தான் போகும், இறங்கும்போது இன்னும் மெதுவாக. ஓடுதளத்தின் முனை வரை உருண்டு போக வேண்டும்; இறங்கியபின் உருண்டு வர வேண்டும். இதற்கெல்லாம் 20, 25 நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். சக்கரம் அசையத் தொடங்கியதிலிருந்து திரும்ப நிற்கிற வரைக்கும் உள்ள நேரத்தை எங்கள் பக்கத்தில் பிளாக் டைம் என்போம். டிக்கெட்டில் அச்சாவது அதுதான். இந்த வழிக்கு அது இரண்டு மணியை ஒட்டியே இருக்கும்.

காற்றைச் சேர்த்தீர்களா என்று கேட்பீர்கள். இந்தக் கடலில் வருஷம் முழுக்கத் தென்கிழக்கிலிருந்து வியாபாரக் காற்று வீசுகிறது. செயின்ட் ஹெலினாவிலிருந்து அசென்ஷன் போகும் திசையோ வடமேற்கு, சரியாகச் சொன்னால் வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றில் எண்ணி 312 டிகிரி. முதுகில் காற்று, ஆகவே போகும்போது சீக்கிரம், வரும்போது தாமதம் என்று நினைக்கத் தோன்றும். பாய்மரக் கப்பலுக்கு அது நூற்றுக்கு நூறு உண்மை. விமானத்துக்கு இல்லை. வியாபாரக் காற்று கடலை ஒட்டி முதல் இரண்டு, மூன்று கி.மீ. உயரத்துக்குள் வீசுகிற காற்று. விமானம் பறப்பது பத்து, பதினொரு கி.மீ. உயரத்தில். பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் அந்த உயரத்துக் காற்று பெரும்பாலும் சாதுவாக இருக்கும். திசையும் கீழே உள்ளதைப் போல இருக்காது. மணிக்கு 50 கி.மீ. எதிர்க்காற்று அடித்தாலும் 94 நிமிடம் 100 நிமிடமாகும், அவ்வளவுதான். ஈஸ்டர் தீவுக்குத்தான் மேல்காற்று கணக்கைப் புரட்டிப் போடும். அந்த அட்சரேகையில் மேற்கிலிருந்து வரும் காற்று பலமானது. சாண்டியாகோவிலிருந்து போகும்போது ஆகும் நேரத்தைவிடத் திரும்பும்போது முக்கால் மணி நேரம் வரை மிச்சமாகும்.

கீழ்க்காற்று வேறொரு விதத்தில் நேரத்தைத் தின்னும். விமானம் காற்றை எதிர்த்து இறங்கத்தான் விரும்பும். அசென்ஷனின் ரன்வே ஏறக்குறைய தென்கிழக்கு வடமேற்காகக் கிடக்கிறது. நீங்கள் வருவதோ தென்கிழக்கிலிருந்து. நேராக வந்த வேகத்தில் இறங்கினால் காற்று பின்னாலிருந்து தள்ளும். அதனால் தீவைத் தாண்டிப் போய்ச் சுற்றித் திரும்பி, வந்த திசையைப் பார்த்தபடி இறங்குவதுதான் சாதாரண நாளில் நடப்பது. தீவு ஜன்னலில் தெரிந்த பிறகும் பத்து நிமிடம் வானத்திலேயே இருப்பீர்கள்.

இனிமேல்தான் விஷயமே. சென்னையிலிருந்து கொல்கத்தாவுக்குச் சுமார் 1,385 கி.மீ.; நம் தீவு வழியைவிடக் கொஞ்சம் அதிகம், நேரமும் இரண்டே கால் மணிதான். டிக்கெட் எடுப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரிப் பயணம். பிளான் போடுபவருக்கு இல்லை. கொல்கத்தாவில் மூடுபனி என்றால் புவனேஸ்வர் இருக்கிறது, நடுவழியில் எஞ்சின் மக்கர் செய்தால் விஜயவாடா, விசாகப்பட்டினம் இருக்கின்றன. அசென்ஷன் போகும் வழியில் என்ன இருக்கிறது? கடல். அசென்ஷனுக்குப் பக்கத்து விமான நிலையம் எது? நீங்கள் கிளம்பி வந்த செயின்ட் ஹெலினா. செயின்ட் ஹெலினாவுக்குப் பக்கத்து விமான நிலையம் அசென்ஷன். இரண்டும் ஒன்றுக்கொன்று காவல், வேறு நாதியில்லை.

விமானத்தில் எரிபொருள் போடுவதற்கு ஒரு வரிசை உண்டு. போய்ச் சேருவதற்கு இவ்வளவு, கணக்குப் பிசகினால் சமாளிக்க அதில் ஐந்து சதவீதம் போல, போகிற ஊரில் இறங்க முடியாவிட்டால் மாற்று விமான நிலையம் வரை போக இவ்வளவு, கடைசியாக எதற்கும் தொடக்கூடாத 30 நிமிட இருப்பு. மாற்று நிலையமே இல்லாத ஒற்றை ஊர்களுக்கு என்ன செய்வது? அதற்கும் சர்வதேச விதி இருக்கிறது. மாற்று நிலையத்துக்கான எரிபொருளுக்குப் பதிலாக, அந்த ஊரின் மேலேயே இரண்டு மணி நேரம் பறக்கப் போதுமான எரிபொருளோடு போகலாம். மழை, மேகம், காற்று எதுவானாலும் இரண்டு மணி நேரத்துக்குள் விலகிவிடும் என்ற நம்பிக்கை. ஆனால் வழியில் ஒரு புள்ளியைக் குறித்துவைக்க வேண்டும். அந்தப் புள்ளி வரை திரும்பிப் போக முடியும். தாண்டிவிட்டால் இறங்கியே ஆக வேண்டும். அதற்கு முன்னால் விமானி போகிற ஊரின் வானிலையைக் கேட்டு, ரன்வே திறந்திருக்கிறதா என்று உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் தாண்டுவார்.

ஈஸ்டர் தீவில் இதை இன்னும் கறாராக வைத்திருக்கிறார்கள். ஒரு விமானம் தீவில் இறங்கி ரன்வேயை விட்டு விலகுகிற வரை அடுத்த விமானம் அந்தப் புள்ளியைத் தாண்டக் கூடாது. முதல் விமானம் டயர் வெடித்து ரன்வேயின் நடுவில் உட்கார்ந்துவிட்டால் இரண்டாவதற்குப் போக்கிடமில்லையே. இருப்பது ஒரே ரன்வே. சுற்றிலும் பெரிய விமானம் இறங்கக்கூடிய இடம் ஆயிரக்கணக்கான கி.மீ. தள்ளித்தான்.

இதோடு ஒப்பிட்டால் நம் 1,300 கி.மீ. வழி சுலபமானதுதான். அசென்ஷன் வரை போய், இறங்க முடியாமல் திரும்பினாலும் மொத்தம் 2,600 கி.மீ. எம்பிரேயர் 190க்கு அது எட்டாத தூரமில்லை. அப்புறம் இரட்டை எஞ்சின் விதி. இரண்டு எஞ்சினில் ஒன்று நின்றுவிட்டால் மிச்சமுள்ள ஒன்றோடு ஒரு மணி நேரத்துக்குள் ஏதாவது ஒரு விமான நிலையத்தை எட்ட முடிகிற மாதிரிதான் பாதை இருக்க வேண்டும் என்பது பழைய விதி. அதற்கு மேல் போக வேண்டுமானால் விமானத்துக்கும் நிறுவனத்துக்கும் தனி அனுமதி வேண்டும். ஈடாப்ஸ் என்று சொல்வது அதைத்தான். தீவு வழியில் நட்ட நடுவில் எஞ்சின் நின்றால் இரண்டு பக்கமும் 650 கி.மீ. ஒற்றை எஞ்சினில் வேகம் குறையும், ஆகவே ஒரு மணி நேரத்தை ஒட்டி வரும்; விளிம்பில் நிற்கிற கணக்கு. வால்விஸ் பேயிலிருந்து வரும் 2,260 கி.மீ. பாதைக்கு அனுமதி இல்லாமல் முடியவே முடியாது. ஏர்லிங்க் அதை வாங்கிக்கொண்டுதான் இந்த வழிக்கே வந்தது.

அப்படியானால் எல்லாம் சுலபம்தானே, எதற்கு இவ்வளவு பீடிகை? சிக்கல் தூரத்தில் இல்லை, இரண்டு முனைகளிலும் இருக்கிறது.

செயின்ட் ஹெலினா 122 சதுர கி.மீ. எரிமலைத் தீவு, வசிப்பவர்கள் நாலாயிரத்துச் சொச்சம் பேர். நெப்போலியன் 1815 அக்டோபரில் கொண்டுவரப்பட்டு 1821 மே 5 அன்று இறந்த இடம் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அதற்கு வெகு முன்பே, 1659 முதல் 1834 வரை, கிழக்கிந்தியக் கம்பெனியின் கையில் இருந்தது. இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குத் திரும்பும் கப்பல்கள் தண்ணீருக்கும் காய்கறிக்கும் நின்று போன இடம். அவ்வளவு பழைய ஊருக்கு 2017 வரை பயணிகள் விமானமே கிடையாது. கேப்டவுனிலிருந்து ஐந்து நாள் கப்பல். தீவில் சமதரை இல்லாததால், பிரிட்டிஷ் அரசு 28.5 கோடி பவுண்டு திட்டத்தில், ட்ரை கட் என்ற பள்ளத்தாக்கைச் சுமார் 80 லட்சம் கன மீட்டர் கல்லும் மண்ணும் கொட்டித் தூர்த்து ரன்வேயை நீட்டியது. கடல் மட்டத்துக்கு 310 மீட்டர் மேலே, செங்குத்துப் பாறைகளின் தலையில் ரன்வே உட்கார்ந்திருக்கிறது.

2016 ஏப்ரலில் போயிங் 737-800 ஒன்று சோதனைக்காக வந்தபோதுதான் வினை தெரிந்தது. வடக்குப் பக்கத்திலிருந்து இறங்கும்போது காற்று திடீர் திடீரென்று வேகமும் திசையும் மாறியது. மே மாதம் வைத்திருந்த திறப்பு விழா தள்ளிப்போனது. வியாபாரக் காற்று கடல்மேல் ஒழுங்காகத்தான் வருகிறது. பாறைச் சுவரில் மோதி மேலே எகிறி, பார்ன் என்ற குன்றைச் சுற்றிச் சுழன்று கலங்கிவிடுகிறது. இதில் எனக்கு மிகவும் பிடித்த துணுக்கு ஒன்று உண்டு. சார்லஸ் டார்வின் 1836 ஜூலையில் இந்தத் தீவுக்கு வந்தார். ஆயிரம் அடிப் பாறை விளிம்பில் நின்றபோது, சில கஜ தூரத்தில் ஆலாப் பறவைகள் பலத்த காற்றோடு போராடிக்கொண்டிருந்தன. அவர் நின்ற இடத்திலோ காற்றே இல்லை. விளிம்புக்குப் போய்க் கையை நீட்டியதும் முழு வேகத்தோடு காற்று அறைந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு சுவர், இரண்டு கஜத் தடிமன், இந்தப் பக்கம் அமைதி, அந்தப் பக்கம் புயல் என்கிற மாதிரிக் குறித்துவைத்தார். 180 வருஷம் கழித்து அந்தச் சுவரில்தான் 737 முட்டியது.

தீர்வாகக் கொஞ்சம் சின்ன விமானம். எம்பிரேயர் 190ஆல் வடக்குப் பக்கத்தைத் தவிர்த்துத் தெற்கிலிருந்து வந்து, பின்காற்றைச் சகித்துக்கொண்டே இறங்க முடியும். குட்டை ரன்வே, பின்காற்று, கூடவே திரும்பிப் போகும் எரிபொருளின் எடை என்று எல்லாம் சேர்ந்து ஆட்களைக் குறைக்க வைத்தது. ஆரம்பத்தில் 76 பேருக்கு மேல் ஏற்றவில்லை. முதல் வழக்கமான விமானம் 2017 அக்டோபர் 14 அன்று இறங்கியது. அடுத்த பிப்ரவரியிலேயே கப்பல் சேவை நின்றுபோனது.

மறுமுனையில் அசென்ஷனுக்குக் காற்றுத் தொல்லை அவ்வளவு இல்லை, ரன்வேயும் மூன்று கி.மீ.க்கு மேல் நீளம். அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் 1942இல் போட்டது. இரண்டாம் உலகப் போரில் பிரேசிலிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போகும் விமானங்களுக்கு நடுவில் எரிபொருள் போட ஓர் இடம் வேண்டியிருந்தது. பிரேசிலின் நட்டாலிலிருந்து இங்கே சுமார் 2,300 கி.மீ. தீவின் அகலம் பத்துப் பன்னிரண்டு கி.மீ. திசைகாட்டியில் ஒரே ஒரு டிகிரி தவறினால் இவ்வளவு தூரம் வருவதற்குள் 40 கி.மீ. விலகிவிடும். நட்சத்திரத்தையும் சூரியனையும் பார்த்து வழி கண்டுபிடித்த காலம். அசென்ஷன் கிடைக்காவிட்டால் மனைவிக்குப் பென்ஷன் என்று அந்த விமானிகளிடையே ஒரு பேச்சு இருந்தது. ஆங்கிலத்தில் சொன்னதுதான், ஆனால் தமிழிலும் எதுகை தவறாமல் உட்காருகிறது பாருங்கள். வைட்அவேக் என்ற பெயர்கூட அங்கே ஆயிரக்கணக்கில் கூடு கட்டும் ஆலாப் பறவைகளின் பெயர்தான். ராப்பகலாகக் கத்தி யாரையும் தூங்கவிடாத பறவை.

1982இல் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய பாக்லாந்து போரின்போது இதே ரன்வேயிலிருந்து பிரிட்டனின் வல்கன் குண்டுவீச்சு விமானம் ஒன்று கிளம்பிப் போய் பாக்லாந்தின் ஸ்டான்லி விமானத் தளத்தில் குண்டு போட்டுவிட்டுத் திரும்பியது. போக வர 12,000 கி.மீ.க்கு மேல், சுமார் 16 மணி நேரம். போகிற வழிக்கு எரிபொருள் கொடுக்க மட்டும் 11 விக்டர் டேங்கர்கள் பறந்தன; டேங்கருக்கு டேங்கர் ஊட்டி, அது அடுத்ததற்கு ஊட்டி. "தூரம் எவ்வளவு" என்ற கேள்விக்கு எரிபொருளில் பதில் சொன்னால் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

அப்பேர்ப்பட்ட ரன்வே 2017இல் குண்டும் குழியுமாகிப்போனது. பெரிய விமானங்கள் இறங்கத் தடை. இங்கிலாந்திலிருந்து பாக்லாந்துக்குப் போகும் ராணுவ விமானம் அசென்ஷனில் நிற்பது நின்றது. அதைச் செப்பனிட்டுப் பெரிய விமானம் மறுபடி இறங்க 2023 ஆகிவிட்டது. செயின்ட் ஹெலினாவுக்கு விமானம் கிடைத்த அதே வருஷம் அசென்ஷனுக்கு இருந்த விமானம் இல்லாமல் போனது என்பது விதியின் விளையாட்டு. எம்பிரேயர் 190 சின்னது, ஓரளவு நல்ல பகுதியிலேயே இறங்கிவிடும். அதனால் 2017 நவம்பர் முதல் மாதத்துக்கு ஒரு தடவை ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வந்த விமானம் செயின்ட் ஹெலினாவோடு நிற்காமல் அசென்ஷன் வரை போய், இரவு அங்கே தங்கி, மறுநாள் திரும்பியது. அந்த வருஷங்களில் சாதாரணப் பயணிக்கு அசென்ஷனுக்கு இருந்த முக்கியமான வான்வழி அதுதான்.

கணிப்பான்கள் சொல்லாத எண் இதுதான்: மாதம் ஒன்று. அவை உலகின் எந்த இரண்டு விமான நிலையங்களைக் கொடுத்தாலும் தூரத்தை வேகத்தால் வகுத்து, அரை மணி சேர்த்து, விடையை நீட்டிவிடும். நடுவே விமானம் ஓடுகிறதா என்று பார்க்காது. 94 நிமிடமா 120 நிமிடமா என்று நாம் மல்லுக்கட்டுகிறோம். ஒரு விமானத்தைத் தவறவிட்டால் அடுத்தது முப்பது நாள் கழித்து. அன்றைக்கு மேகம் கீழே இறங்கி ரன்வேயை மூடினால் பயணமே ஒரு நாள் தள்ளிப்போகும். அதனால் போக நினைத்துக் கேட்டிருந்தால் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். முதலில் அந்த மாதம் எந்த நாளில் அசென்ஷன் விமானம் என்று விமான நிறுவனத்தின் அட்டவணையில் பாருங்கள்; பழைய வழக்கத்தை நம்பாதீர்கள், அது மாறக்கூடியது. அடுத்து, அசென்ஷனில் இறங்க முன் அனுமதி வேண்டும். ராணுவத் தளமும் தகவல் தொடர்பு நிலையங்களும்தான் அந்தத் தீவு, நிரந்தரக் குடிமக்கள் என்று யாரும் கிடையாது, கடைசி நேரத்தில் போய் நிற்க முடியாது. மூன்றாவது, ஜோகன்னஸ்பர்க்கில் திரும்பும் தொடர் விமானத்தை அதே நாளில் போட்டுக்கொள்ள வேண்டாம். இரண்டு நாள் இடைவெளி விடுங்கள், இன்னும் அதிகம் விட்டாலும் தப்பில்லை.

நெப்போலியன் செயின்ட் ஹெலினாவுக்கு வந்த அதே 1815இல் பிரிட்டிஷ் கடற்படை ஆளில்லாத அசென்ஷனிலும் ஆட்களை இறக்கிக் காவல் வைத்தது. 1,300 கி.மீ. தள்ளியிருந்த தீவிலிருந்து யாராவது வந்து அவரைத் தப்பவைத்துவிடுவார்களோ என்ற பயம். அன்றைய பாய்மரத்துக்கு அது பல நாள் பயணம். 15 நாட் (மணிக்கு 15 நாட்டிக்கல் மைல்) வேகத்தில் ஓடும் இன்றைய கப்பலுக்கே இரண்டு நாள் பிடிக்கும். பயந்தவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் இல்லை. இந்தக் கடலில் 1,300 கி.மீ. என்றால் பக்கத்து வீடு.

கடைசியாக ஒன்று, கேட்கப்படவில்லை என்றாலும். இரண்டு தீவுகளுமே கிரீன்விச் நேரத்தைத்தான் வைத்திருக்கின்றன. அதனால் காலை 11 மணிக்குக் கிளம்பினால் 1 மணிக்கு இறங்கலாம், கடிகாரத்தைத் திருக வேண்டாம். ஆனால் சூரியன் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. 8.74 டிகிரி மேற்கே போனால் டிகிரிக்கு 4 நிமிடம் வீதம் 35 நிமிடம் பின்தங்கும். சராசரியாக, செயின்ட் ஹெலினாவில் 12.23க்கு உச்சிக்கு வரும் சூரியன் அசென்ஷனில் 12.58க்குத்தான் வரும். அந்த 11 மணி விமானத்தில் போனால் இறங்குகிற நேரத்தில் நிழல் காலடியில் இருக்கும்.